வாய் திறந்த புத்தகம்

ஓஹாயோ, 1988 அக்டோபர் 18, செவ்வாய்

அன்புத் தங்கை வெர்னாவுக்கு,

கர்த்தரின் கிருபையால் இன்னும் பேனா பிடிக்கிற தெம்போடு அக்கா சவில்லா எழுதுவது. காலையில் உறைபனி, மதியம் வெயில். எனோஸ் சுகம். குதிரை அவரைவிடச் சுகம். நான் போன கடிதத்தில் இருந்ததைவிட ஒரு சுற்று கூடியிருக்கிறேன். ஆப்பிள் கூழ் காய்ச்சுகிற மாதம், ருசி பார்க்காமல் எப்படி அடுப்பிலிருந்து இறக்குவது? நீ கொலம்பஸில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை ஆஸ்பத்திரிக் காப்பியிலேயே காலம் தள்ளுகிறாயா?

ஞாயிற்றுக்கிழமை நம் சபையில் புதுப் போதகருக்குச் சீட்டு எடுத்தார்கள். வயதான போதகர் போய்ச் சேர்ந்து ஏழு மாதம் ஆயிற்றே. நீ பத்தொன்பது வயதில் ஒரு கைப்பையோடு கிளம்பிப் போனவள். அதுவும் ஞானஸ்நானத்துக்கு முன்னாலேயே போனதால் உனக்கு எழுதவோ உன்னோடு பேசவோ எனக்குத் தடையில்லை. அந்த முன்யோசனை குடும்பத்தில் வேறு யாருக்கும் கிடையாது. சீட்டு உனக்கு மறந்திருந்தால் சொல்கிறேன். எல்லாரும் கதவிடுக்கில் காதோடு காதாக ஒரு பெயர் சொன்னோம். மூன்று ஓட்டுக்கு மேல் வாங்கின ஆறு பேர் முன்னால் வந்தார்கள். ஆறு பாட்டுப் புத்தகம், ஒவ்வொன்றுக்கும் ஒரு ரப்பர் பட்டை, ஒன்றுக்குள் மட்டும் சீட்டு. அது யாருக்கு வருகிறதோ அவரைத் தேவனே பொறுக்கினார் என்று அர்த்தம். சாகும்வரை போதகர். மாட்டேன் என்று சொல்ல முடியாது.

அந்த ஆறு பேரில் என் வீட்டுக்காரரும் ஒருவர்! யார் ஓட்டுப் போட்டார்கள் என்று தெரிந்தால் ஒரு கேக் சுட்டு அனுப்புவேன், உப்பைக் கொட்டி. ஒரு நாளைக்குப் பதினோரு வார்த்தை பேசுகிற மனிதர், அதில் நாலு குதிரைக்கு.

வயது வரிசையில் எடுத்தார்கள். மூன்றாவதாக எனோஸ். அவர் கை ஒரு புத்தகத்தின் மேல் போய் நின்றது. அப்புறம் நகர்ந்து பக்கத்துப் புத்தகத்தை எடுத்தது. ஈ உட்கார்ந்திருக்கும்.

சீட்டு பென்யூலுக்கு வந்தது. முப்பத்தொரு வயது, மூன்று சின்னக் குழந்தைகள், வாய் திறந்தால் காது சிவந்துவிடும். பிஷப் ஜோனஸ் புத்தகத்தைப் பிரித்தபோது அவன் மனைவி மேட்டி போட்ட சத்தத்தை வேடிக்கையாக எழுத மூன்று முறை முயன்று அடித்துவிட்டேன்.

வழக்கம்போல உனக்காக ஜெபிக்கிற,
சவில்லா

கொலம்பஸ், அக்டோபர் 30

அன்பு அக்காவுக்கு,

நலம்தான். காப்பிதான். வார்டில் ஒரு புது நர்ஸ், நம் ஆமிஷ் சபையில் மின்சாரம் கிடையாது என்று எங்கோ கேள்விப்பட்டு, "நீ ஆமிஷ்காரியா? அப்ப மின்சார விளக்கைப் பாத்தா பயமா இருக்குமா?" என்று கேட்டாள். மின்சாரக் கட்டணத்தைப் பார்த்தால்தான் பயம் என்றேன்.

பென்யூலா போதகர்? பள்ளியில் பாடம் ஒப்பிக்கச் சொன்னால் அழுகிற பிள்ளை அவன்.

ஒன்று கேட்கிறேன். உறைபனி விழுகிற அக்டோபரில் ஈ எங்கிருந்து வந்தது?

மச்சானைக் கேட்டதாகச் சொல்.
வெர்னா

ஓஹாயோ, நவம்பர் 22

அன்புத் தங்கைக்கு,

பனி நாலு அங்குலம். எல்லாரும் சுகம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். சரி, சுகம். பன்றி அடிப்பதற்குக் கத்திகளைத் தீட்டியாயிற்று. நான் என் நாக்கையும் சேர்த்துத் தீட்டுவதாக எனோஸின் அண்ணி சொல்லித் திரிகிறாளாம். அவள் போட்ட ஊறுகாயைத் தின்றவர்களிடம் கேள், எது கூர்மை என்று.

பென்யூல் முதல் பிரசங்கத்துக்கு எழுந்து நின்றான். நின்றான், நின்றுகொண்டே இருந்தான். சுவர்க் கடிகாரம் என் எதிரே. பதினோரு நிமிஷம். ஒரு குழந்தைகூட அழவில்லை, வெர்னா. அப்புறம், "என்னால..." என்றான். உட்கார்ந்துவிட்டான். பிஷப் எழுந்து, தேவன் பலவீனமான பாத்திரத்தைத்தான் தேர்ந்தெடுப்பார் என்று ஒரு மணி நேரம் பேசினார். எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். நானும்தான். எனக்கு அழ ஒரு சாக்கு போதும்.

அடுத்த வாரம் பென்யூல் தன் வேட்டை நாயைக் கொண்டு வந்து எங்கள் வாசலில் கட்டினான். "இனிமே எனக்கு நேரம் இருக்காது, எனோஸ் அண்ணே. நீங்க வச்சுக்குங்க" என்றான். துப்பாக்கியை லீராய்க்குக் கொடுத்துவிட்டானாம். அவன்தான் மனைவியைப் பறிகொடுத்து நாலு குழந்தைகளோடு நிற்கிறவன். தேன் பெட்டிகளையும் யாருக்கோ கொடுத்தாயிற்று. எவ்வளவு தாராளம் என்று பெண்கள் மெச்சுகிறார்கள்.

நாய் எனோஸையே பார்க்கிறது. அவர் இப்போது தட்டை எடுத்துக்கொண்டு தன் பைண்டிங் பட்டறைக்குப் போய்ச் சாப்பிடுகிறார். புத்தகம் தைக்கிற வேலை அதிகமாம்.

உன் உடம்பு பத்திரம்.
சவில்லா

கொலம்பஸ், நவம்பர் 29

அக்கா,

நலம் விசாரிப்பை அடுத்த கடிதத்தில் வைத்துக்கொள்வோம். நான் வேலை பார்ப்பது மனநல வார்டில். திடீரென்று பொருள்களையெல்லாம் மற்றவர்களுக்குக் கொடுக்க ஆரம்பிக்கிறவர்களைப் பற்றி எங்களுக்குத் தனியாகவே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அது தாராளம் இல்லை. துப்பாக்கியைத் தானே கொடுத்துவிட்டான் என்றால் அதற்குப் பயந்திருக்கிறான் என்று அர்த்தம். சாப்பிடுகிறானா? தூங்குகிறானா? மேட்டியிடம் கேள். பக்கத்து ஊர் டாக்டர் ஒருவரின் முகவரி இதோடு இருக்கிறது. நம் ஆட்களைக் கேலி செய்யாதவர்.

நான் கேட்ட ஈயைப் பற்றி நீ ஒரு வரி எழுதவில்லை. ஊரில் கோழி முட்டையிடாததைக்கூட எனக்கு எழுதுகிறவள் நீ.

வெர்னா

ஓஹாயோ, 1989 ஜனவரி 17

அன்புத் தங்கைக்கு,

ஏழு வாரம் எழுதாததற்குக் கிறிஸ்துமஸ், பன்றி, சளி என்று மூன்று காரணம் வைத்திருந்தேன். மூன்றும் உண்மை. மூன்றும் காரணமில்லை.

முதலில் நீ கேட்டது. பென்யூல் ரொட்டியைப் பிட்டுப் பிட்டுத் தட்டிலேயே வைக்கிறானாம். அவன் கால்சட்டைத் தோள்வாரை மேட்டி நாலாவது முறையாகச் சுருக்கித் தைத்திருக்கிறாள். டாக்டர் முகவரியைக் கொடுத்தேன். கார்க்காரரை வைத்துக் கூட்டிப் போனாள். மாத்திரை வந்தது. அலமாரியில் இருக்கிறது.

இனி ஈ. போன வியாழன் எனோஸ் லாடக்காரனிடம் போயிருந்தார். பட்டறையில் அடுத்த சபைக்குத் தைத்து முடித்த பாட்டுப் புத்தகங்கள் இருந்தன. வெயில் காலத்தில் நம் சபைக்குத் தைத்த அதே தையல், அதே அட்டை. ஆறைச் சமையலறை மேஜைக்குக் கொண்டு வந்தேன். ரப்பர் பட்டை போட்டு, ஒன்றில் மட்டும் ஒரு சீட்டுத் தாளைச் செருகி, கண்ணை மூடிக்கொண்டு கலைத்தேன். அது போதாதென்று நின்ற இடத்தில் மூன்று சுற்றுச் சுற்றினேன். என் அகலத்துக்கு ஒருத்தி சமையலறையில் சுற்றினால் என்ன ஆகும்? மாமியார் கொடுத்த கிண்ணம் போயிற்று. வருத்தமில்லை.

கண்ணைத் திறந்தேன். இறுக்கித் தைத்த புதுப் புத்தகம் ஒரு தாள் அதிகம் வந்தால்கூடப் பொறுக்காது. ஆறில் ஒன்று மட்டும் மயிரிழை அளவுக்கு வாய் திறந்து கிடந்தது. எடுத்தேன், சீட்டு இருந்தது. மறுபடி கலைத்தேன். ஏழு தடவை. ஏழு தடவையும் கண்டுபிடித்தேன், வெர்னா. என் கண்ணாடிக்கு இரண்டு வருஷமாக நம்பர் மாற்றவில்லை.

எட்டாவது தடவை கண்ணைத் திறந்தபோது வாசல்படியில் எனோஸ். தொப்பியைக்கூட எடுக்கவில்லை. பத்தடி தள்ளி, அங்கிருந்தே, "மூணாவது" என்றார்.

பிரித்தேன். மூன்றாவதுதான்.

"எனக்கு யோசிக்க நேரமில்ல, சவில்லா. கை தானா போயிடுச்சு."

"தானாவா?"

அவர் நாய்க்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டார்.

நான் இதைச் சொன்னால் எனோஸைச் சபை தள்ளி வைக்கும். அப்புறம் அவரோடு ஒரே மேஜையில் சாப்பிடக் கூடாது, அவர் கையிலிருந்து ஒரு கிண்ணம்கூட வாங்கக் கூடாது. இருபத்தாறு வருஷம் எதிரெதிரே உட்கார்ந்து தின்றிருக்கிறோம். சொல்லாவிட்டால் பென்யூல் கண்ணெதிரே கரைகிறான். பிஷப்பைக் கேட்டால், எனோஸின் கை நகர்ந்ததும் தேவ சித்தம்தான் என்பார். அவரிடம் எப்போதும் பதில் தயாராக இருக்கும். எனோஸிடமும் ஒன்று இருக்கிறது. மேட்டியோ, தேவன் தாங்காத பாரத்தைக் கொடுக்க மாட்டார் என்று தன்னையே தேற்றிக்கொள்கிறாள்.

படித்ததும் இதை அடுப்பில் போடு. உன்னிடம் மின்சார அடுப்பு என்பது மறந்துவிட்டது. கிழித்துப் போடு.

சவில்லா

கொலம்பஸ், ஜனவரி 24

அன்பு அக்காவுக்கு,

கிழித்துப் போடவில்லை. சுகமாக இருக்கிறேன், தூக்கம்தான் இல்லை.

பிஷப் என்ன சொல்வார், மச்சான் என்ன சொன்னார், மேட்டி என்ன சொல்கிறாள் என்று எல்லாம் எழுதியிருக்கிறாய். நீ என்ன நினைக்கிறாய் என்று ஒரு வரி இல்லை. "அக்கா, என்ன செய்யணும்னு சொல்றேன் கேளு" என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத மாட்டேன். நான் சொன்னபடி நீ செய்தால், பிஷப் ஜோனஸ் இருந்த இடத்தில் வெர்னாவை உட்கார வைத்தது போல ஆகும். எனக்குத் தாடி வேறு இல்லை.

பென்யூலைப் பற்றி மட்டும் கட்டளையாகவே சொல்கிறேன். அவனைத் தனியாக விடாதீர்கள்.

வெர்னா

ஓஹாயோ, பிப்ரவரி 9

அன்புத் தங்கைக்கு,

குளிர் பூஜ்யத்துக்குக் கீழே. கையுறையோடு எழுதுகிறேன், எழுத்தைப் பொறுத்துக்கொள்.

நேற்று லீராய் வீட்டுக் குட்டையில், கோடைக்குச் சேர்த்து வைக்கிற ஐஸ் வெட்டு. ஆண்களெல்லாம் அங்கே. நான் காப்பியும் டோனட்டும் கொண்டு போனேன், வழியில் மூன்று டோனட் குறைந்தது. எல்லாரும் வண்டியில் ஐஸ் பாளம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பென்யூல் மட்டும் எதிர்ப்பக்கம், வெட்டி எடுத்த இடத்தின் ஓரத்தில் நின்றான். கீழே கறுப்புத் தண்ணீர். அவன் பூட்ஸ் முனை இரண்டும் விளிம்புக்கு வெளியே.

நான் ஐஸ் மேல் நடந்தேன். அது என்னைப் பற்றிச் சத்தமாக அபிப்பிராயம் சொன்னது.

"வேணாம் சவில்லா அக்கா, இங்க மெலிசு!"

"அப்ப நீ வா. இல்லேன்னா நான் அங்க வருவேன். நான் வந்தா ரெண்டு பேரும் உள்ளதான்."

வந்தான். அவன் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே கை இருப்பதே தெரியவில்லை. அங்கேயே சொல்லிவிட்டேன். "பென்யூல், உன்னைத் தேவன் பொறுக்கல, புத்தகம் வாய் திறந்திருந்துச்சு, அது தெரிஞ்சே ஒருத்தர் கை நகந்துச்சு." அவன் சுமை இறங்கும் என்று நினைத்தேன்.

"தெரியும் அக்கா" என்றான்.

"என்ன தெரியும்?"

"எனோஸ் அண்ணன் கை பின்வாங்கினத நானும் பார்த்தேன். புத்தகம் தைக்கிறவர் கையே பின்வாங்குதுன்னா விஷயம் இருக்குல்ல? என் முறை வரப்ப ரெண்டு புத்தகம்தான் மிச்சம். ஒண்ணு வாய் திறந்திருந்துச்சு. எனக்கப்புறம் லீராய். அவன் பொண்டாட்டியப் பொதைச்சு அப்ப ரெண்டு மாசம்கூட ஆகல."

"அதனால நீயே எடுத்தியா?"

"எடுத்தேன். பாரம்னு எனக்கு வருத்தமில்ல. ஆனா பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவ எந்திரிச்சு நிக்கறேன், தேவன் அனுப்பின ஆளுன்னு எல்லாரும் என் வாயப் பாக்கறாங்க. என்னை நான்தான் அனுப்பினேன். அதத் தொண்டையில வச்சுக்கிட்டு என்ன பேச?" அப்புறம், "நீங்க சொல்லிடாதீங்க. திரும்பச் சீட்டு எடுப்பாங்க. லீராய் பேரு வரும்" என்றான்.

"அப்ப நீ?"

தண்ணீரைத் திரும்பிப் பார்த்தான்.

லீராயைக் கூப்பிட்டு, பென்யூலுக்குக் காய்ச்சல், வீட்டில் விட்டுவிட்டு ராத்திரி வரை கூடவே இரு என்றேன். பொய். ஞானஸ்நானம் வாங்கி இருபத்தொன்பது வருஷத்தில் நான் யோசித்துச் சொன்ன முதல் பொய். மற்றதெல்லாம் வாய் தவறி வந்தவை.

சவில்லா

கொலம்பஸ், பிப்ரவரி 16

அக்கா,

அந்தப் பொய்க்காக உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. மாத்திரையை மேட்டி கண்ணெதிரே முழுங்க வைக்கட்டும். பதில் போடு. மூன்று வரி போதும்.

வெர்னா

கொலம்பஸ், மார்ச் 28

அக்கா,

இது பிப்ரவரிக்குப் பிறகு நான்காவது கடிதம். தபால்பெட்டியைத் திறக்கப் பயமாக இருக்கிறது, திறக்காமலும் இருக்க முடியவில்லை. பென்யூல் உயிரோடு இருக்கிறானா என்று மட்டும் எழுது. நீ எப்படி இருக்கிறாய் என்பதை அப்புறம் கேட்டுக்கொள்கிறேன்.

வெர்னா

ஓஹாயோ, மே 3, புதன்

அன்புத் தங்கைக்கு,

உயிரோடு இருக்கிறான். அதை முதல் வரியில் எழுதுகிறேன், நீ இனி நிதானமாகப் படிக்கலாம். நானும் எனோஸும் சுகம். இப்போது எழுதப்போவதற்குப் பிறகு அந்தச் சொல்லை எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்.

ஏப்ரல் ஒன்பது எங்கள் சம்மத ஞாயிறு. திருவிருந்துக்கு முன்னால் பிஷப் சட்டங்களையெல்லாம் நாள் முழுக்கச் சொல்வார். அப்புறம் அவருக்கு உதவியாளரான டீக்கன் வரிசை வரிசையாகக் குனிந்து கேட்பார். ஒவ்வொருவரும் சம்மதம் சொல்ல வேண்டும். ஒரே ஒருவர் சொல்லாவிட்டாலும் நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் திருவிருந்து இல்லை. இதுவரை ஐம்பத்தெட்டு தடவை சொல்லியிருக்கிறேன், பாதி நேரம் தூக்கத்தில். எதற்குச் சொல்கிறோம் என்று ஒரு தடவைகூட என்னை நான் கேட்டதில்லை.

பென்யூல் அந்த வாரம் முழுக்க ரொட்டியைத் தொடவே இல்லை என்று மேட்டி என் காதில் சொன்ன சூடு ஆறவில்லை. டீக்கன் குனிந்தார்.

"சம்மதமா?"

"இல்ல."

"சரியா கேக்கல, சகோதரி."

"சரியாத்தான் கேட்டீங்க."

பிஷப் எழுந்து நிற்கச் சொன்னார். நின்றேன். சமையலறையில் புத்தகங்களைக் கலைத்ததைச் சொன்னேன், சுற்றினதைத் தவிர. "சீட்டு வெளிய தெரியுது. தெரிஞ்சா மனுஷன் கை போற இடத்துக்குப் போகும். பென்யூல தேவன்தான் பொறுக்கினார்னு என்னால சம்மதம் சொல்ல முடியல. நானே யோசிச்சுதான் சொல்றேன்" என்றேன்.

"இந்த யோசனை உனக்கு எங்கேருந்து வந்துச்சு, சகோதரி சவில்லா?"

ஆண்கள் பக்கம் பார்த்தேன். எனோஸ் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வாய் அங்கே நின்றுவிட்டது.

பென்யூல் எழுந்தான். காது சிவக்கவில்லை. "நான் பார்த்தேன். தெரிஞ்சுதான் எடுத்தேன். என்னை யாரும் அனுப்பல" என்றான். தடங்கலே இல்லை. அவன் பேசினதிலேயே அதுதான் நல்ல பிரசங்கம். யார் கை பின்வாங்கியது என்று சொல்லவில்லை.

அவனைப் போதகர் இடத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். ஆறு வாரம் கடைசி பெஞ்சில் தலை குனிந்து உட்கார வேண்டும். அன்றைக்கு வீட்டுக்குப் போய் நாலு முட்டை தின்றானாம். மேட்டி எண்ணியிருக்கிறாள். தேன் பெட்டிகளைத் திருப்பிக் கேட்டிருக்கிறான். அடுத்த சீட்டு இலையுதிர் காலத்தில். லீராய் பெயரை யாரும் சொல்லக் கூடாது என்று பெண்கள் நடுவே ஒரு பேச்சு ஓடுகிறது. அதை ஓட விட்டது யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எனோஸிடம் அன்றைக்கே சொன்னேன்: "உங்க பேர நான் சொல்லப் போறதில்ல. அது நீங்க சொல்ல வேண்டியது. ஆனா நீங்க சொல்ற வரைக்கும் நான் சம்மதம் சொல்ல மாட்டேன்." ஏப்ரல் இருபத்துமூன்று மறுபடி கேட்டார்கள். மறுபடி இல்லை என்றேன். திருவிருந்து இன்னும் நடக்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டைத் தாண்டும் வண்டிகள் வேகம் பிடிக்கின்றன. பெண்கள் கூடிப் போர்வை தைக்கிற இடத்துக்குப் போனால் என் இரண்டு பக்கமும் நாற்காலி காலி. போன வாரம் வேலிக் கதவை யாரோ கழற்றிப் புல்லில் கிடத்தியிருந்தார்கள். இரண்டு மாடும் நெடுஞ்சாலையில். லாரிக்காரர் நிறுத்தினார், இல்லாவிட்டால் தெரியாது. பிஷப் இரண்டு தடவை தனியாக வந்து போனார். மூன்றாம் தடவை இரண்டு சாட்சிகளோடு வருவார். அது என்னைத் தள்ளி வைக்க.

எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் நேற்றுச் சாயங்காலம். சாப்பாடு வைத்தேன். எனோஸ் பட்டறைக்குப் போகவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் என் தையல் மேஜைக்குப் போய்த் தனியாக உட்கார்ந்தார். யாரும் அவரைத் தள்ளி வைக்கவில்லை, யாரும் அவரை ஒன்றும் கேட்கவுமில்லை. தன்னைத் தானே தள்ளி வைத்துக்கொண்டார். நான் என் தட்டை எடுத்துக்கொண்டு போய் எதிரே உட்கார்ந்தேன்.

"ஞாயித்துக்கிழமை சொல்லிடறேன்" என்றார்.

"சொல்லுங்க."

"அப்புறம் நீ என்கூட உக்காரக் கூடாது."

"தெரியும்."

"உக்காந்தா உன்னையும் வெளிய..."

"கிழங்கு ஆறுது. சாப்பிடுங்க."

சாப்பிட்டார். நீ கேட்டாயே, நான் என்ன நினைக்கிறேன் என்று. அவர் சொல்லத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன். சொன்ன பிறகும் அவர் எதிரேதான் உட்காருவேன் என்றும் நினைக்கிறேன். இரண்டும் எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அதனால் இரண்டுமே பயமாக இருக்கிறது.

அது சின்ன மேஜை. இரண்டு தட்டு வைத்தால் ரொட்டிக்கு இடமில்லை, மடியில் வைத்துக்கொண்டு பிட்டுப் பிட்டு அவருக்கும் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாலு நாள்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா,
சவில்லா